காகிதம் தந்த பட்டுக் கவுன்

மேஜை மீது பட்டுத் துணி விரித்துக் கிடக்கிறது. அதன் மேல் மெல்லிய காகிதத் துண்டுகள். சுற்றிலும் குண்டூசிகள். பெண்மணியின் கையில் கத்தரிக்கோல் இருக்கிறது. ஆனால் கை அசையவில்லை!

காரணம் உண்டு. வெட்டினால் வெட்டியதுதான். காகிதம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பட்டை ஒட்ட முடியாது. ஒரு விரற்கடை தவறினாலும் துணி போயிற்று. கொடுத்த பணமும் போயிற்று.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டில் கவுன் தைக்கும் பெண்களுக்கு இந்த ஒரு நிமிடம் நன்றாகத் தெரியும். அவர்களுடைய தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்த நாடுகளில் பாதி வருஷம் குளிர். கம்பளிக் கோட்டும் கனத்த காலுறையுமாகவே காலம் போகும். ஜூன் மாதத்தில் வெயில் எட்டிப் பார்த்தால் போதும். கம்பளி பெட்டிக்குள் போகும். மெல்லிய கவுன் வெளியே வரும். அதிலும் பட்டுக் கவுன் என்றால் தனி ஆசை. காற்று அடித்தால் அது மிதக்க வேண்டும். உடம்பில் பட்டும் படாமலும் தொங்க வேண்டும். நடந்தால் கூடவே ஆட வேண்டும்.

கடையில் இப்படிப்பட்ட கவுனுக்கு விலை அதிகம். ஆகவே பலர் துணியை வாங்கி வீட்டிலேயே தைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக இருப்பது ஒரு சிறு உறை. அந்த உறைக்குள் இருக்கும் காகித மாதிரி!

புடவையும் கவுனும்

புடவை கட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்திக்கொள்ளலாம். கொசுவத்தைக் கூட்டியோ குறைத்தோ உடம்புக்குத் தக்கபடி செய்துகொள்ளலாம்.

கவுன் அப்படி அல்ல. மார்புக்கு ஒரு துண்டு, முதுகுக்கு ஒரு துண்டு, கைகளுக்கு இரண்டு, கீழே பாவாடைப் பகுதிக்கு இரண்டோ நாலோ துண்டுகள். இவற்றைத் தனித்தனியே வெட்டிச் சேர்த்துத் தைக்க வேண்டும்.

துணியோ தட்டையானது. உடம்போ வளைவு நெளிவு உள்ளது. தட்டையான துணியை எங்கே வளைத்து வெட்டினால் தோளில் சரியாக உட்காரும்? கைக்குழியை எவ்வளவு ஆழம் வெட்டினால் கையைத் தூக்க முடியும்? இதுதான் தையல் தொழிலின் ரகசியம்.

ஒரு காலத்தில் அந்த ரகசியம் தையற்காரர்களிடம் இருந்தது. பணம் உள்ளவர்கள் அவர்களிடம் போனார்கள். இல்லாதவர்கள் பழைய கவுனின் தையலைப் பிரித்து, அந்தத் துண்டுகளைப் புதுத் துணியின் மேல் வைத்து வெட்டினார்கள். பழைய கவுன் சரியாக இருந்தால் புதியதும் சரியாக வரும். அது கோணலாக இருந்தால் இதுவும் கோணல்!

ஒரு தையற்காரரின் யோசனை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஸ்டெர்லிங் என்று ஒரு சிற்றூர். அங்கே எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் இருந்தார். 1863-ம் ஆண்டு. நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம்.

ஒருநாள் அவருடைய மனைவி எல்லன் சாப்பாட்டு மேஜையில் துணியை விரித்துப் போட்டு, குழந்தைக்கு உடுப்புத் தைக்க அளவு போட்டுக்கொண்டிருந்தாராம். அளவுக்குத் தக்கபடி ஆயத்தமாக ஒரு மாதிரி கிடைத்தால் எவ்வளவு சௌகரியம் என்று சலித்துக்கொண்டாராம். அந்தக் குடும்பத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது.

காகித மாதிரி அதற்கு முன்பே இருந்தது. நியூயார்க்கில் எல்லன் டெமாரஸ்ட் என்ற பெண்மணி 1860-ம் ஆண்டிலேயே தம் பத்திரிகை மூலம் காகித மாதிரிகளைப் பரப்பத் தொடங்கியிருந்தார். ஆனால் அந்தக் காலத்து மாதிரிகள் பெரும்பாலும் ஒரே அளவில் வந்தன. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் அதே காகிதம்தான். கூட்டுவதும் குறைப்பதும் அவரவர் சாமர்த்தியம்.

பட்டரிக் செய்தது என்ன? ஒரே உடுப்புக்குப் பல அளவுகளில் மாதிரி வெட்டினார். வாங்குகிறவர் தம் அளவைக் கேட்டு வாங்கலாம். முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான உடுப்புகள் வந்தன. பெண்களின் கவுன் மாதிரிகள் பிறகு வந்தன. முதலில் கெட்டியான காகிதத்தில் வெட்டிப் பார்த்தார். மடிப்பதும் தபாலில் அனுப்புவதும் சிரமமாக இருந்தது. உடனே மெல்லிய டிஷ்யூ காகிதத்துக்கு மாறினார். வியாபாரம் சூடு பிடித்தது. நியூயார்க்குக்குக் குடிபோனார். சில ஆண்டுகளில் அவருடைய மாதிரிகள் லண்டன், பாரிஸ், பெர்லின் வரை போயின.

தையற்காரர் ஒருவரே தம் தொழிலின் ரகசியத்தைக் காகிதத்தில் மடித்து, தபால் உறைக்குள் போட்டு, வீட்டு வாசலுக்கு அனுப்பிவிட்டார்!

மிஷினும் வந்தது

காகிதம் மட்டும் வந்திருந்தால் போதாது. அதே காலத்தில் தையல் மிஷினும் வீடுகளுக்குள் வந்தது. எலியாஸ் ஹோ 1846-ம் ஆண்டிலும் ஐசக் சிங்கர் 1851-ம் ஆண்டிலும் தங்கள் மிஷின்களுக்கு உரிமை பெற்றார்கள். சிங்கர் கம்பெனி தவணை முறையில் மிஷினை விற்றது. மொத்தப் பணம் இல்லாத குடும்பமும் மாதா மாதம் கட்டி வாங்க முடிந்தது.

இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளும் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். 1924-ம் ஆண்டு டில்லியில் நடந்த ஓர் உரையாடலில் அவர் இதைச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைக் காணப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் செய்த இயந்திரம் அது என்பது காந்தியடிகள் எடுத்துக்காட்டிய காரணம்.

உறைக்குள் என்ன இருக்கிறது?

இனி மேஜைக்குத் திரும்புவோம். உறையைப் பிரித்தால் வெங்காயச் சருகு போன்ற பெரிய காகிதம் வருகிறது. அதில் கவுனின் எல்லாத் துண்டுகளும் கோடு போட்டு அச்சாகி இருக்கின்றன. எதை முதலில் தைப்பது, எதைப் பிறகு தைப்பது என்று படத்தோடு விளக்கும் தாளும் உண்டு.

காகிதத்தில் சில அடையாளங்கள் இருக்கின்றன. நீண்ட அம்புக்குறி ஒன்று. துணியின் பாவு நூல் ஓடும் திசையிலேயே அந்த அம்பு இருக்க வேண்டும். ஓரங்களில் சிறு முக்கோணங்கள். ஒரு துண்டின் முக்கோணம் அடுத்த துண்டின் முக்கோணத்தோடு பொருந்தினால் சரியான இடத்தில் தைக்கிறோம் என்று அர்த்தம். துணியை இரண்டாக மடித்து வெட்ட வேண்டிய இடமும் குறித்திருக்கும்.

அளவு எடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் வாங்கும் கவுனின் எண் வேறு. காகித மாதிரியின் எண் வேறு. எண்ணை நம்பி வெட்டினால் கவுன் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகலமான இடம் ஆகிய மூன்றையும் டேப் வைத்து அளக்க வேண்டும். உறையின் பின்புறத்தில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அளக்கும்போது வயிற்றை எக்கக் கூடாது. டேப் பொய் சொல்லாது. எக்கினவர்தான் பிறகு வருந்துவார்!

ஒத்திகைக் கவுன்

அனுபவசாலிகள் பட்டில் உடனே கை வைப்பதில்லை. முதலில் மலிவான பருத்தித் துணி வாங்குகிறார்கள். மெல்லிய மல் துணி இதற்கு நல்லது. பட்டைப் போலவே தொய்ந்து விழும் துணியாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் காகித மாதிரியை வைத்து வெட்டி, பெரிய ஓட்டுத் தையல் போட்டு, உடுத்திப் பார்க்கிறார்கள்.

தோள் இறங்குகிறதா? அங்கே பிடிக்கலாம். கழுத்து அகலமா? குறைக்கலாம். இடுப்பு மேலே ஏறி நிற்கிறதா? காகிதத்தை அந்த இடத்தில் வெட்டி, நடுவே ஒரு பட்டை ஒட்டி நீளமாக்கலாம். செய்த திருத்தங்களையெல்லாம் காகிதத்திலேயே குறித்துக்கொள்கிறார்கள்.

இது வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டு நாள் வேலை கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் தவறு செய்வதற்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா? அந்த இடம் மல் துணியாக இருந்தால் நஷ்டம் கொஞ்சம். பட்டாக இருந்தால் நஷ்டம் முழுவதும்.

வழுக்கும் துணி

பட்டுப்பூச்சியின் கூட்டிலிருந்து வரும் நூல் பல நூறு கெஜம் நீளம். நடுவில் அறாத ஒரே இழை. பருத்தி நூலில் இருக்கும் பஞ்சுப் பிசிறு அதில் கிடையாது. ஆகவே பட்டு பளபளக்கிறது. அதே காரணத்தால் வழுக்கவும் செய்கிறது! மேஜையில் நேராக விரித்துவிட்டுத் திரும்பினால் கோணலாகிக் கிடக்கும். ஷிபான், ஜார்ஜெட் போன்ற மெல்லிய ரகங்கள் இன்னும் மோசம்.

அதற்கு ஓர் உபாயம் உண்டு. மேஜை மேல் முதலில் மெல்லிய காகிதத்தை விரிக்க வேண்டும். அதன் மேல் பட்டு. அதன் மேல் மாதிரிக் காகிதம். மூன்றையும் சேர்த்துக் குண்டூசி குத்தி, மூன்றையும் ஒன்றாக வெட்ட வேண்டும். கீழே உள்ள காகிதம் பட்டை நகர விடாது.

குண்டூசி மெல்லியதாக இருக்க வேண்டும். தையலுக்குள் மறையப் போகும் ஓரத்தில் மட்டும் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் துளை தெரியும். துணியின் மிச்சம் மேஜையிலிருந்து தொங்கக் கூடாது. தொங்கினால் அதன் பாரமே துணியை இழுத்துவிடும். கத்தரிக்கோலின் கீழ் அலகு மேஜையை விட்டு எழும்பாமல் நீளமாக வெட்ட வேண்டும்.

வெட்டியதும் கழுத்து வளைவில் ஓரத்தை ஒட்டி ஒரு வரி தையல் ஓட்டிவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் மற்ற வேலை முடிவதற்குள் கழுத்து இழுபட்டுப் பெரிதாகிவிடும்.

மிஷினுக்குப் புது ஊசி வேண்டும். மெல்லிய 60 அல்லது 70 எண் ஊசி போதும். மழுங்கிய ஊசி பட்டின் இழையை இழுத்துக் கோடு போட்டுவிடும். தையலைத் தொடங்கும்போது நூலின் நுனிகளைக் கையால் பின்னே பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் மிஷின் பட்டின் முனையைப் பல்லுக்குள் இழுத்து விழுங்கிவிடும்! எதையும் முதலில் கழிவுத் துண்டில் தைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இஸ்திரிப் பெட்டியிலும் கவனம் வேண்டும். சூடு மிதமாக இருக்க வேண்டும். பட்டின் மேல் வேறொரு மெல்லிய துணியைப் போட்டுத் தேய்க்க வேண்டும். சில பட்டுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கறை போல் அடையாளம் நின்றுவிடும். அதையும் கழிவுத் துண்டிலேயே சோதித்துவிடலாம்.

இரண்டு தடவை தைக்கும் தையல்

மெல்லிய பட்டு கண்ணாடி போன்றது. உள்ளே இருக்கும் தையல் ஓரம் வெளியே தெரியும். ஓரத்தில் நூலும் பிரிந்துகொண்டே வரும். இதற்குப் பிரெஞ்சுத் தையல் என்ற முறை உதவுகிறது.

ஓர் அங்குலத்துக்கு 8 நூல் என்பது தச்சரும் கொத்தரும் அறிந்த கணக்கு. காகித மாதிரிகளில் தையலுக்கு விடும் ஓரம் வழக்கமாக 5 நூல். முதலில் துணியின் உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து 2 நூல் தள்ளித் தைக்க வேண்டும். மிச்ச ஓரத்தை ஒரு நூல் அளவுக்கு வெட்டிவிட வேண்டும். பிறகு துணியைத் திருப்பி மடித்து, 3 நூல் தள்ளி மறுபடி தைக்க வேண்டும். 2-ம் 3-ம் சேர்ந்து 5. கணக்குச் சரி! பிசிறு முழுவதும் உள்ளே சிறைப்பட்டுவிடும். கவுனை உள்புறமாகத் திருப்பிப் பார்த்தாலும் சுத்தமாக இருக்கும்.

மிதப்பது எப்படி?

ஒரே பட்டில் தைத்த இரண்டு கவுன்களில் ஒன்று விறைப்பாக நிற்கும். மற்றொன்று தண்ணீர் போல வழிந்து ஆடும். வித்தியாசம் வெட்டில் இருக்கிறது.

துணியைப் பாவின் வழியே இழுத்தால் நீளாது. ஊடையின் வழியே இழுத்தாலும் அதிகம் நீளாது. மூலைக்கு மூலை சாய்வாக இழுத்தால் ரப்பர் போல நீளும். கைக்குட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் குழந்தைக்கும் இது விளங்கும். கவுனின் துண்டுகளை அந்தச் சாய்வில் வெட்டினால் துணி உடம்போடு குழைந்து, கீழே அலை அலையாக விழுகிறது.

இந்த வித்தையில் பேர் பெற்றவர் மதலின் வியோனே என்ற பிரெஞ்சுப் பெண்மணி. 1876-ல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே தையல் வேலைக்குப் போனவர். 1912-ல் பாரிஸில் சொந்தக் கடை திறந்தார். 1920-களிலும் 1930-களிலும் அவருடைய சாய்வு வெட்டுக் கவுன்களைக் கண்டு உலகமே வியந்தது. அவர் ஒரு சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகுதான் பெரிய துணியை வெட்டச் சொல்வார். பாரிஸின் பெரிய நிபுணருக்கும் ஒத்திகை வேண்டியிருந்தது! அவர் 1975 வரை வாழ்ந்தார்.

சாய்வு வெட்டில் ஒரு தொல்லையும் உண்டு. துணி தன் பாரத்தால் தானே இறங்கும். அதுவும் ஒரே சீராக இறங்காது. ஆகவே தைத்த கவுனை ஓரம் மடிக்காமல் ஒரு நாளாவது தொங்கவிட வேண்டும். இறங்கவேண்டியது இறங்கட்டும். பிறகு உடுத்தியவரை நிற்க வைத்து, தரையிலிருந்து அளவுகோல் வைத்துச் சுற்றிலும் அளந்து வெட்டினால்தான் ஓரம் சமமாக வரும்.

கூப்பன் காலம்

ஒரு வெட்டின் அருமையை இங்கிலாந்துப் பெண்கள் இரண்டாம் உலகப் போரின்போது நன்றாக உணர்ந்தார்கள்.

1941-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி அங்கே துணிக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். கம்பளிக் கவுனுக்கு 11 கூப்பன். மற்றக் கவுனுக்கு 7. செருப்பு, சட்டை, உள்ளாடை எல்லாவற்றுக்கும் அதே கூப்பன்தான். கெஜக் கணக்கில் துணி வாங்கினாலும் கூப்பன் வேண்டும். பிறகு வந்த ஆண்டுகளில் 66-ம் குறைந்தது. துணியைத் தப்பாக வெட்டியவர் பணத்தை மட்டும் இழக்கவில்லை. அடுத்த உடுப்பையும் இழந்தார்.

பட்டோ கண்ணிலேயே படவில்லை. அது பாராசூட் செய்யப் போய்விட்டது. பெண்கள் திரைத் துணியையும் பழைய கவுன்களையும் பிரித்துத் தைத்தார்கள். பழையதைப் புதிதாக்குவது எப்படி என்று சொல்லும் ஒரு சிறு புத்தகத்தை 1943-ல் அரசாங்கமே வெளியிட்டது.

போர் முடிந்ததும் மிச்சமான பாராசூட் துணி கூப்பன் இல்லாமல் விற்பனைக்கு வந்தது. சில பட்டு, சில நைலான். பெண்கள் பாய்ந்து வாங்கினார்கள். ஆனால் அது நீண்ட முக்கோணத் துண்டுகளாக இருந்தது. துண்டுகளைச் சேர்த்திருந்த தையலோ மிக உறுதியானது. அதைப் பொறுமையாகப் பிரித்து, முக்கோணத்துக்குள் காகித மாதிரியை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துப் பார்த்து, ஒரு துண்டும் வீணாகாமல் வெட்டினார்கள். இரவு உடைகளும் கல்யாணக் கவுன்களும் அதிலிருந்து பிறந்தன. துணி ரேஷன் 1949-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒழிந்தது.

அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் அப்படி ஒரு கல்யாணக் கவுன் இருக்கிறது. நைலான் பாராசூட்டில் தைத்தது. 1944-ம் ஆண்டு ஒரு விமானியின் குண்டு வீச்சு விமானத்தில் தீப்பற்றியது. அவர் அந்தப் பாராசூட்டை நம்பிச் சீன மண்ணில் குதித்தார், உயிர் பிழைத்தார். ஊர் திரும்பி, தாம் காதலித்த பெண்ணிடம் அந்தப் பாராசூட்டையே கொடுத்தார். மேற்பாகத்தை ஒரு தையற்காரப் பெண்மணி தைத்தார். பாவாடைப் பகுதியை மணப்பெண் தாமே தைத்தார். 1947-ம் ஆண்டு கல்யாணம் நடந்தது. பிற்காலத்தில் அவர்களுடைய மகளும் மருமகளும் அதே கவுனைத் தங்கள் கல்யாணத்தில் அணிந்தார்கள்!

கடைசித் தையல்

பிற்காலத்தில் ஆயத்த உடுப்புகள் மலிந்தன. வீட்டுத் தையல் குறைந்தது. ஆயினும் அழியவில்லை. இன்று மாதிரியைக் கம்ப்யூட்டரில் வாங்கி, வீட்டிலேயே தாள் தாளாக அச்சிட்டு ஒட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் பலர் மூலையில் கிடந்த மிஷினைத் தூசி தட்டி எடுத்தார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் பழைய காகித மாதிரிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. கசங்கினால் தூக்கி எறியும் காகிதத்துக்கு அவ்வளவு மதிப்பு!

மேஜையருகே நின்ற பெண்மணி என்ன ஆனார்? மாதிரியை இன்னொரு தடவை அளந்தார். அம்புக்குறியைப் பாவு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு குண்டூசியை எடுத்து வேறு இடத்தில் குத்தினார். பிறகு வெட்டினார்.

நாலைந்து நாட்களில் கவுன் தயாராகிவிடும். ஒரு நாள் தொங்கும். ஓரத்தைக் கையால் சுருட்டித் தைப்பதற்கு ஒரு மாலைப் பொழுது வேண்டும். அதன்பின் வெயில் வரும் நாளில் வாசலைத் தாண்டும்போது காற்று வந்து அதைத் தூக்கும். பார்த்தவர்கள், எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பட்டுக் கவுன் தைப்பவர்களைக் கேட்டால், அது தங்களுக்காகவே சொன்னது என்பார்கள்!